வினூ மன்கட்: ஒரே ஒரு உத்தரவாதம் கேட்ட ஆட்டக்காரர்

கிரிக்கெட் பார்க்கிற எல்லாருக்கும் 'மன்கட்' என்ற வார்த்தை தெரியும். பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே கிரீஸை விட்டு நகர்ந்துவிடும் எதிர்முனை பேட்ஸ்மேனை, பந்து வீச வந்தவரே ஸ்டம்பைத் தட்டி ரன் அவுட் ஆக்குவது. 2019 மார்ச் 25ல் ஜெய்ப்பூரில் நம்ம அஸ்வின், ஜோஸ் பட்லரை இப்படி அவுட் ஆக்கியபோது டீக்கடையில் ஆரம்பித்து டி.வி. வரைக்கும் இதே பேச்சுதான். அது சரியா, தப்பா, நேர்மையா, இல்லையா என்று ஆளாளுக்குத் தீர்ப்பு சொன்னார்கள்.

ஆனால் அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரரைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பெயர் வினூ மன்கட். ஒரு ரன் அவுட்டை வைத்து அவரை ஞாபகம் வைத்திருப்பது பெரிய அநியாயம். அவர் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய விவகாரம் ஒன்று 1952ல் நடந்தது. விளையாட்டில் தொழில்முறை, சம்பளம், ஒப்பந்தம் என்றெல்லாம் பேசினால் இந்தியாவில் முதலில் சொல்ல வேண்டிய கதைகளில் அதுவும் ஒன்று. குறிப்பாக, பி.காம் படிக்கிறவர்கள் வணிகச் சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய கதை!

ராஜாக்கள் வீட்டு விளையாட்டு

முல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட் 1917 ஏப்ரல் 12ல் ஜாம்நகரில் பிறந்தார். 'வினூ' என்பது பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர். அப்போது ஜாம்நகர், நவநகர் சமஸ்தானத்தின் தலைநகரம். ரஞ்சி டிராபி யார் பெயரில் நடக்கிறதோ, அந்த ரஞ்சித்சிங்ஜி ஆண்ட ஊர்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் கிரிக்கெட் ஆடி எப்படிச் சாப்பிடுவது? இன்றைக்கு மாதிரி ஏலம் கிடையாது, விளம்பரம் கிடையாது, போர்டு சம்பளம் கிடையாது. இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, ஒரு ராஜா உங்களுக்குத் தன் சமஸ்தானத்தில் ஏதாவது ஒரு உத்தியோகம் போட்டுக் கொடுப்பார். பேர் உத்தியோகம், வேலை கிரிக்கெட். இரண்டு, ஒரு பெரிய கம்பெனி உங்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது வழிக்குச் சென்னையிலேயே நல்ல உதாரணம் உண்டு. திருவல்லிக்கேணி எம்.ஜே. கோபாலன். 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சி டிராபியின் முதல் பந்தை வீசியவர் இவர்தான். வேலை பர்மா ஷெல் கம்பெனியில். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936ல் ஒரு பக்கம் தியான்சந்த் தலைமையில் பெர்லின் ஒலிம்பிக் போகும் ஹாக்கி அணி, இன்னொரு பக்கம் இங்கிலாந்து போகும் கிரிக்கெட் அணி. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. கோபாலனுக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை. பொருளாதாரப் பாடத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சரி, ராஜா வழிக்கு வருவோம். அதில் ஒரு சிக்கல் இருந்தது. சோறு போடுகிறவர் ராஜா என்பதால் அணித் தலைவரும் ராஜாதான். 1932ல் இந்தியா முதன்முதலாக டெஸ்ட் ஆட இங்கிலாந்து போனபோது போர்பந்தர் மகாராஜாதான் கேப்டன். தன் ஆட்டத்தின் அளவு தெரிந்த மனுஷர், டெஸ்டில் சி.கே. நாயுடுவிடம் பொறுப்பை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 1936ல் கேப்டனாகப் போன விஜயநகரம் மகாராஜ்குமார், அதாவது 'விஸ்ஸி', அப்படி ஒதுங்கவில்லை. மூன்று டெஸ்டிலும் அவர்தான் கேப்டன். அந்த டூரில்தான் லாலா அமர்நாத் பாதியிலேயே ஊருக்கு அனுப்பப்பட்டார். திறமைசாலி கூலிக்காரன், பணக்காரர் தலைவர். இதுதான் அன்றைய ஏற்பாடு.

ஜாம்நகரில் வளர்ந்த மன்கட்டுக்கு இந்த ஏற்பாட்டின் நல்ல பக்கமும் கிடைத்தது. துலீப்சிங்ஜி அவரைக் கவனித்தார். நவநகர் சமஸ்தானம் பயிற்சிக்காக இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் அணியிலிருந்து பெர்ட் வென்ஸ்லி என்ற தொழில்முறை ஆட்டக்காரரைக் கூட்டி வந்திருந்தது. அவர்தான் பையனின் இடதுகை சுழற்பந்தை ஒழுங்குபடுத்தினார். 1936-37 ரஞ்சி டிராபியை நவநகர் ஜெயித்தபோது மன்கட்டுக்கு 20 வயதுகூட ஆகவில்லை. அந்த அணியில் அவரோடு ஆடிய இன்னொருவர்தான் அடுத்த வாசலைத் திறந்து காட்டியவர். அவர் அமர் சிங்.

லங்காஷயர் என்ற வாசல்

அமர் சிங் ராஜ்கோட்காரர். இந்தியாவின் முதல் டெஸ்டிலேயே, 1932ல் லார்ட்ஸில், ஒன்பதாவதாக இறங்கி 51 அடித்தவர். டெஸ்டில் இந்தியர் ஒருவர் அடித்த முதல் அரைசதம் அதுதான். வேகப்பந்து வீச்சாளராக இருந்துகொண்டு பேட்ஸ்மேன்களுக்கு முன்னால் இந்தச் சாதனை! 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்டில் இங்கிலாந்தின் 7 விக்கெட்டை 86 ரன்னுக்கு எடுத்தவரும் அவரே.

இவர் 1935ல் இங்கிலாந்தின் லங்காஷயர் லீக்கில் கோல்ன் என்ற ஊர் கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆடப் போனார். இந்தியக் கிரிக்கெட்டுக்கு இது புதிய விஷயம்.

இந்த லங்காஷயர் லீக் என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தின் வடமேற்கில் பருத்தி ஆலைகள் நிறைந்த சின்னச் சின்ன ஊர்கள். 1892ல் ஆரம்பித்த லீக் இது. ஊருக்கு ஒரு கிளப். வாரமெல்லாம் தறியில் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை மத்தியானம் மைதானத்துக்கு வருவார்கள். ஆடுகிறவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். ஆனால் ஒவ்வொரு கிளப்பும் ஒரே ஒரு வெளியாளைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். அவருக்குப் பெயர் 'புரொஃபஷனல்', சுருக்கமாக 'புரோ'. அவர் ஆட வேண்டும், உள்ளூர்ப் பையன்களுக்குப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். நல்ல ஸ்கோர் அடித்தால் மைதானத்தைச் சுற்றித் தட்டு ஏந்தி வசூல் செய்து அந்தக் காசையும் அவரிடம் கொடுப்பார்கள். சொதப்பினால் சனிக்கிழமை சாயங்காலம் ஊரே கேள்வி கேட்கும்!

நம்ம பக்கத்துக் கபடி, கிரிக்கெட் போட்டிகளில் வெளியூரிலிருந்து காசு கொடுத்து 'கெஸ்ட் பிளேயர்' இறக்குகிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அங்கே அது எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், சீசன் முழுக்க.

இதில் சம்பளம் அற்பம் என்று நினைத்துவிட வேண்டாம். மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கான்ஸ்டன்டைன் 1929ல் நெல்சன் கிளப்புக்கு வந்தபோது ஒரு சீசனுக்கு 500 பவுண்டு. ஆலைத் தொழிலாளி கனவிலும் பார்க்காத தொகை. அவர் வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் டிக்கெட் காசு வரும். கிளப்புக்கு லாபம், ஆட்டக்காரருக்கும் லாபம். இங்கே யாரும் யாருக்கும் தர்மம் பண்ணவில்லை. ராஜாவின் தயவில் இருப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் புரிகிறதா?

அமர் சிங் 1940 மே மாதம் 29 வயதில் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். ஆனால் அவர் போன வழியில் பிறகு அமர்நாத், ஹசாரே என்று பலர் போனார்கள். மன்கட்டும் போனார்.

வராமல் போன வருடங்கள்

1937-38ல் டென்னிசன் பிரபுவின் அணி இந்தியா வந்தது. அதோடு நடந்த அதிகாரபூர்வமற்ற டெஸ்டுகளில் பேட்டிங் சராசரியிலும் மன்கட் முதலிடம், பவுலிங் சராசரியிலும் முதலிடம். வயது 20. உலக அணி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பையனுக்கு இடம் உண்டு என்று டென்னிசனே பாராட்டினார்.

அடுத்து வந்தது உலகப் போர். ஒரு விளையாட்டுக்காரனின் நல்ல வயது 22லிருந்து 28 வரை என்றால், மன்கட்டின் அந்த வயதுக் காலத்தில் டெஸ்டே கிடையாது. 1946 ஜூனில் லார்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 29. அந்த டூரில் மட்டும் 1,120 ரன், 129 விக்கெட். ஒரே டூரில் ஆயிரம் ரன்னும் நூறு விக்கெட்டும் எடுத்த ஒரே இந்தியர் அவர்தான்.

1947-48 ஆஸ்திரேலியா டூரில் மெல்போர்னில் இரண்டு சதம். அதே டூரில்தான் அந்தப் பிரசித்தி பெற்ற ரன் அவுட்டும். முதலில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் பில் பிரவுன் கிரீஸை விட்டு நகர்ந்தபோது மன்கட் எச்சரித்தார், கேட்காமல் மறுபடி நகர்ந்தபோது அவுட் ஆக்கினார். பிறகு 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்டில் அதே பிரவுன், அதே அவுட். ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் கத்தின. ஆனால் எதிரணிக் கேப்டன் பிராட்மேன் மன்கட் பக்கம்தான் நின்றார். விதியில் இருப்பதைத்தானே செய்தார் என்பது அவர் வாதம். விதி என்ன சொல்கிறது, அதைப் பார்த்து நடப்போம் என்பது மன்கட்டின் சுபாவம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதிக்கு இது முக்கியம்.

இதற்கிடையில் நாட்டில் ஒரு பெரிய மாற்றம். சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இந்தியாவோடு இணைந்தன. நாட்டுக்கு நல்லது. ஆனால் கிரிக்கெட் ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்ட முதலாளிகள் போய்விட்டார்கள். அந்த இடத்தை நிரப்ப வங்கியும் ரயில்வேயும் பெரிய கம்பெனிகளும் முழுதாக வரக் கொஞ்ச காலம் பிடித்தது. மன்கட் ஆடிய அணிகளின் பட்டியலைப் பார்த்தாலே நிலைமை தெரியும். நவநகர், மகாராஷ்டிரா, குஜராத், வங்காளம், பம்பாய், ராஜஸ்தான்... பிழைப்பு இருக்கும் இடம் தேடி ஊர் ஊராகப் போயிருக்கிறார். உள்நாட்டு ஆட்டத்தில் நிரந்தர வருமானம் இல்லாதவருக்கு லங்காஷயர்தான் உறுதியான சம்பளம்.

சேப்பாக்கம், பிப்ரவரி 1952

இந்தியா டெஸ்ட் ஆட ஆரம்பித்து 20 வருடம் ஆகிவிட்டது. 24 டெஸ்ட் ஆடியாகிவிட்டது. ஒரு வெற்றிகூட இல்லை! 25வது டெஸ்ட் 1952 பிப்ரவரி 6ல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆரம்பித்தது. விஜய் ஹசாரே கேப்டன். சென்னையின் சி.டி. கோபிநாத்தும் அணியில் இருந்தார்.

முதல் இன்னிங்ஸில் மன்கட் கையில் இங்கிலாந்து சுருண்டது. 55 ரன்னுக்கு 8 விக்கெட். பேட்ஸ்மேன்களை முன்னால் இழுத்து இழுத்து ஏமாற்ற, விக்கெட் கீப்பர் சென் அவர் பந்தில் நான்கு ஸ்டம்பிங் செய்தார். இங்கிலாந்து 266. ஆட்டத்தின் முதல் நாளில்தான் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்த செய்தி வந்தது. மறுநாள் ஓய்வு நாளாக மாற்றப்பட்டது. பிறகு பங்கஜ் ராய் 111, உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130. இந்தியா 9 விக்கெட்டுக்கு 457. இரண்டாவது இன்னிங்ஸில் மன்கட் இன்னும் 4 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து 183க்கு அவுட். ஒரு இன்னிங்ஸ், 8 ரன் வித்தியாசத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. மன்கட்டுக்கு ஆட்டத்தில் 12 விக்கெட், தொடர் முழுக்க 34 விக்கெட்.

அதாவது 1952 பிப்ரவரியில் இந்திய அணியில் யாருடைய இடமாவது உறுதி என்று சொல்ல முடியும் என்றால், அது மன்கட்டின் இடம்தான்.

ஒரு கேள்வி, ஒரு மறுப்பு

இப்போதுதான் கதையின் மையம் வருகிறது.

அதே வருடக் கோடையில் இந்திய அணி இங்கிலாந்து போக வேண்டும். அதே கோடைக்கு லங்காஷயர் லீக்கின் ஹாஸ்லிங்டன் கிளப் மன்கட்டைப் புரோவாக அழைத்தது. இரண்டும் ஒரே மாதங்கள். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். லீக் கிளப்புகள் சீசனுக்கு வெகு முன்பாகவே பதில் கேட்கும். வேண்டாம் என்றால் வேறு ஆளைப் பிடித்துவிடும். இந்திய அணித் தேர்வோ பிறகுதான்.

மன்கட் இந்தியத் தேர்வுக் குழுவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எனக்கு அணியில் இடம் உறுதி என்று சொல்லுங்கள், ஹாஸ்லிங்டனை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

அவர் காசு கேட்கவில்லை. கேப்டன் பதவி கேட்கவில்லை. நாட்டுக்கு ஆடுவதற்காகச் சம்பளத்தை விடத் தயாராக இருந்தார். விட்ட பிறகு அணியிலும் இடமில்லை என்றாகிவிடக் கூடாதே என்பதுதான் கவலை.

உத்தரவாதம் தர முடியாது என்று பதில் வந்தது. மன்கட் ஹாஸ்லிங்டனில் கையெழுத்துப் போட்டார். இந்திய அணி அவர் இல்லாமல் கப்பல் ஏறப்போவது உறுதியானது.

கல்லணைக் கால்வாயின் கடைமடையில், பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் விவசாயம் பார்க்கிறவர்களுக்கு மன்கட்டின் மனநிலை சட்டென்று புரியும். ஜூன் 12ல் மேட்டூர் திறப்பார்களா, திறந்தாலும் கடைசி வரை தண்ணீர் வந்து சேருமா என்று தெரிந்தால்தான் விதை நெல்லைத் தெளிக்கலாமா என்று முடிவு பண்ண முடியும். 'வந்தால் வரும், நம்பிக்கையாக இரு' என்று சொன்னால் விதையும் போகும், உழவுக் கூலியும் போகும். நஷ்டம் தெளித்தவனுக்குத்தான், சொன்னவருக்கு இல்லை.

தேர்வுக் குழுவின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஒருவருக்கு முன்கூட்டியே இடம் உறுதி என்று சொன்னால் நாளைக்கு இன்னும் நான்கு பேர் வந்து கேட்பார்கள். ஃபார்மைப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும் என்ற விதி எதற்கு? இந்தக் கேள்வி சரிதான். ஆனால் அந்த விதி எப்போது நியாயமாகும்? ஆட்டக்காரருக்கு மாற்றுச் சம்பளம் இருக்கும்போதுதான். போர்டு சம்பளமும் தராது, வாக்குறுதியும் தராது, ஆனால் அவர் மட்டும் வேறு வேலைக்குப் போகாமல் காத்திருக்க வேண்டும் என்றால் அது ஒப்பந்தமே ஆகாது. வணிகச் சட்டத்தில் முதல் பாடமே அதுதானே... ஆஃபர், அக்செப்டன்ஸ், கன்சிடரேஷன். ஹாஸ்லிங்டன் மூன்றையும் கொடுத்தது. போர்டு ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை.

நாலு விக்கெட்டுக்குப் பூஜ்யம்

1952 ஜூன் 5, ஹெடிங்லி. முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் மஞ்ச்ரேகரின் சதத்தால் இந்தியா 293 எடுத்தது. இரண்டாவது இன்னிங்ஸ் ஆரம்பித்தது. ஃபிரெட் ட்ரூமன் என்ற 21 வயதுப் பையனுக்கு அது முதல் டெஸ்ட். ஸ்கோர் போர்டில் ரன் பூஜ்யம், விக்கெட் 4! ஒரு ரன்கூட எடுக்காமல் நான்கு பேர் அவுட். டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன்பு இப்படி ஒரு ஆரம்பம் கிடையாது. இந்தியா 7 விக்கெட்டில் தோற்றது.

இந்த டெஸ்டில் பலர் கவனிக்காத இன்னொரு விஷயம் உண்டு. இங்கிலாந்துக்கு அன்று கேப்டன் லென் ஹட்டன். அவர் ஒரு புரொஃபஷனல். இங்கிலாந்தில் அதுவரை அமெச்சூர் என்ற பணக்காரக் கனவான்கள் ஒரு சாதி, சம்பளத்துக்கு ஆடும் புரொஃபஷனல்கள் ஒரு சாதி. பெவிலியனில் தனித்தனி அறை. ஸ்கோர் கார்டில் பெயர் அச்சிடுவதில்கூட வித்தியாசம். இருபதாம் நூற்றாண்டில் அதுவரை ஒரு புரொஃபஷனலை டெஸ்ட் கேப்டனாகப் போட்டதே இல்லை. அந்த வழக்கத்தை உடைத்து ஹட்டனைத் தலைவராக்கிய முதல் டெஸ்ட் இதுதான்.

யோசித்துப் பாருங்கள். அமெச்சூர் என்ற யோசனையையே கண்டுபிடித்த நாடு, சம்பளத்துக்கு ஆடுகிறவனைக் கேப்டனாக ஏற்றுக்கொண்ட அதே வாரத்தில், இந்தியாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் சம்பளத்துக்கு ஆடுகிறார் என்ற காரணத்தால் அணிக்கு வெளியே, கொஞ்ச தூரத்தில் ஒரு ஆலை ஊரில் சனிக்கிழமை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்!

ஹெடிங்லிக்குப் பிறகு இந்திய அணி ஹாஸ்லிங்டன் கிளப்பிடம் போய் நின்றது. மீதி மூன்று டெஸ்டுக்கும் மன்கட்டை விட்டுத்தர முடியுமா? ஒப்பந்தப்படி கிளப் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, விட்டுக்கொடுத்தது. தேர்வுக் குழு ஒரு வார்த்தையில் முடித்திருக்க வேண்டிய விஷயத்துக்காக ஒரு தேசிய அணி, ஒரு சின்ன ஊர் கிளப்பின் பெருந்தன்மையை நம்ப வேண்டியதாயிற்று.

லார்ட்ஸில் ஐந்து நாள்

ஜூன் 19, லார்ட்ஸ். அந்த சீசனில் மன்கட் ஆடியதெல்லாம் லீக் ஆட்டம்தான். நேரே டெஸ்டில் இறக்கிவிட்டார்கள், அதுவும் தொடக்க ஆட்டக்காரராக.

முதல் இன்னிங்ஸில் 72. ஆட்டம் ஆரம்பித்த முதல் அரை மணி நேரத்திலேயே ரோலி ஜென்கின்ஸ் பந்தைத் தலைக்கு மேல் சிக்ஸர் தூக்கினார். ராயோடு சேர்ந்து 106. ஆனால் மற்றவர்கள் நிற்கவில்லை, இந்தியா 235க்கு அவுட்.

பிறகு பந்து வீச வந்தார். இங்கிலாந்து 537 ரன் குவித்தது, ஹட்டன் 150, காட்ஃப்ரே எவன்ஸ் 104. அந்த இன்னிங்ஸில் மன்கட் வீசியது எத்தனை ஓவர் தெரியுமா? 73 ஓவர்! 196 ரன் கொடுத்து 5 விக்கெட்.

73 ஓவர் வீசிய கையோடு மறுபடி தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். 184 ரன். அதுவரை டெஸ்டில் எந்த இந்தியரும் அவ்வளவு அடித்ததில்லை. ஹசாரேயோடு மூன்றாவது விக்கெட்டுக்கு 211. அணியின் ஸ்கோர் 270 ஆக இருக்கும்போது அவர் அவுட். மீதிப் பேரெல்லாம் சேர்ந்து அதை 378 ஆக்கினார்கள். இங்கிலாந்து 79 ரன் அடித்து 8 விக்கெட்டில் ஜெயித்தது. அந்தக் கடைசி இன்னிங்ஸிலும் மன்கட் 24 ஓவர் போட்டார்.

மொத்தத்தில் 256 ரன், 97 ஓவர், 5 விக்கெட். தோற்ற அணிக்காக. லார்ட்ஸில் சதம் அடித்தவர்களுக்கு ஒரு பலகை, ஐந்து விக்கெட் எடுத்தவர்களுக்கு ஒரு பலகை உண்டு. இரண்டிலும் மன்கட் பெயர் ஏறியது. அந்த ஆட்டத்தை இன்றைக்கும் 'மன்கட் டெஸ்ட்' என்றுதான் சொல்கிறார்கள். ஜெயித்த இங்கிலாந்தின் பெயரால் அல்ல!

சும்மா சொல்லக்கூடாது, 'காசுக்கு ஆடுகிறவனுக்கு நாட்டுப் பற்று இருக்காது' என்று சொல்லும் ஆட்களுக்கு அந்த ஐந்து நாளைக் காட்டினால் போதும்.

கார்ப்பரேஷன் ஸ்டேடியமும் கடைசி வருடங்களும்

அதன் பிறகு மன்கட்டின் ஆட்டம் குறையவில்லை. 1952-53ல் பாகிஸ்தானுக்கு எதிராக டெல்லியில் ஒரே டெஸ்டில் 13 விக்கெட். அந்தத் தொடரிலேயே, தன் 23வது டெஸ்டில், 1,000 ரன், 100 விக்கெட் இரண்டையும் தொட்டார். அவ்வளவு சீக்கிரம் அதற்கு முன்பு யாரும் தொட்டதில்லை. 1979ல் இயன் போத்தம் 21 டெஸ்டில் அதை முறியடிக்கும் வரை அந்தச் சாதனை நின்றது.

1956 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், அதாவது இப்போதைய நேரு ஸ்டேடியத்தில், நியூசிலாந்துக்கு எதிராக மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். மன்கட் 231, ராய் 173. அந்தத் தொடக்க ஜோடியின் உலக சாதனை 2008 வரை, 52 வருடம் நிலைத்தது. 231 என்ற தனிநபர் ஸ்கோரை எந்த இந்தியரும் தாண்ட 27 வருடத்துக்கு மேல் ஆனது. தாண்டியவர் கவாஸ்கர், 1983 டிசம்பரில், 236 ரன். இடம்? அதுவும் சென்னைதான், சேப்பாக்கம்!

கேப்டன் பதவியும் வந்தது, ஆனால் வந்த விதத்தைப் பாருங்கள். 1954-55ல் பாகிஸ்தான் டூருக்குத் தலைவர். ஐந்து டெஸ்டும் டிரா. அடுத்து 1959 ஜனவரியில், சென்னையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்டுக்கு முதல் நாள், அணித் தேர்வு தகராறில் உம்ரிகர் கேப்டன் பதவியை விட்டுவிட, 41 வயது மன்கட்டின் தலையில் வைத்தார்கள். இந்தியா 295 ரன்னில் தோற்றது. அடுத்த டெஸ்டுக்கு வேறு கேப்டன். அந்தத் தொடரோடு மன்கட்டின் டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது.

44 டெஸ்ட், 2,109 ரன், 5 சதம், 162 விக்கெட். முதல் இடத்திலிருந்து பதினொன்றாவது இடம் வரை எல்லா இடத்திலும் பேட் செய்தவர். மகன் அசோக் மன்கட்டும் இந்தியாவுக்கு 22 டெஸ்ட் ஆடினார். 1973ல் பத்மபூஷண். 1978 ஆகஸ்ட் 21ல் பம்பாயில் வினூ மன்கட் காலமானார். வயது 61. 2021ல்தான் ஐ.சி.சி. அவரைப் புகழரங்கில் சேர்த்தது.

கணக்கு எங்கே நேரானது?

இந்தியக் கிரிக்கெட் போர்டு ஆட்டக்காரர்களுக்கு வருடாந்திர ஒப்பந்தம் போட ஆரம்பித்தது 2004ல். மன்கட் கேள்வி கேட்டு 52 வருடம் கழித்து! ஆடினாலும் ஆடாவிட்டாலும் இவ்வளவு சம்பளம், நீங்கள் எங்கள் ஆள் என்று எழுதிக் கொடுப்பதுதான் அந்த ஒப்பந்தம். 2008ல் ஐ.பி.எல். வந்த பிறகு ஆட்டக்காரர்களை ஏலம் எடுப்பது திருவிழாவாகவே ஆகிவிட்டது. யார் என்ன விலைக்குப் போனார் என்று பள்ளிக்கூடப் பையன்கூட மனப்பாடமாகச் சொல்கிறான். யாரும் அதைக் கேவலமாக நினைப்பதில்லை.

ஆனால் பழைய கேள்வி முழுசாகத் தீர்ந்துவிட்டதா? வெளிநாட்டு டி20 லீக்குகளில் ஆட, தற்போது ஆடிக்கொண்டிருக்கும் இந்திய ஆண் ஆட்டக்காரர்களுக்குப் போர்டு அனுமதி தருவதில்லை. வெளிநாட்டில் ஆட வேண்டும் என்றால் இங்கே எல்லாவற்றிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல்.லில் இருந்து ஓய்வு அறிவித்த ஒருவர், இனி உலகத்தின் பல லீக்குகளிலும் ஆடிப் பார்க்கப் போகிறேன் என்றார். யார் என்கிறீர்கள்? பட்லரை ரன் அவுட் ஆக்கிய அதே அஸ்வின்தான். மன்கட்டோடு அவரை எல்லாரும் ஒரு ரன் அவுட்டை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். இந்த ஒற்றுமையை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. இன்றைய ஆட்டக்காரரிடம் போர்டு விசுவாசத்தைக் கேட்கிறது என்றால் அதற்கு விலையும் கொடுக்கிறது. அந்தப் பேரம் பிடிக்கிறதோ இல்லையோ, இரண்டு பக்கமும் ஏதோ ஒன்று இருக்கிறது. 1952ல் ஒரு பக்கம் மட்டும்தான் இருந்தது.

அந்த ரன் அவுட்டுக்கும்கூட நியாயம் கிடைத்தது. 2022 அக்டோபரிலிருந்து கிரிக்கெட் விதிப் புத்தகத்தில் அதை 'நேர்மையற்ற ஆட்டம்' என்ற பிரிவிலிருந்து எடுத்து, சாதாரண 'ரன் அவுட்' பிரிவில் சேர்த்துவிட்டார்கள். விதியில் இருப்பதைத்தான் செய்தார் என்று 1947ல் பிராட்மேன் சொன்னது 75 வருடம் கழித்துப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

விதி என்ன என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அதன்படி நடக்கிறேன். பில் பிரவுனிடமும் சரி, தேர்வுக் குழுவிடமும் சரி, மன்கட் நடந்துகொண்டது இந்த ஒரே மாதிரிதான். மைதானத்தில் அது அவருக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது, மைதானத்துக்கு வெளியே ஒரு டூரைப் பறித்தது. இன்றைக்கு ஏலத்தில் பெயர் கேட்டதும் சிரித்துக்கொண்டே கை கூப்பும் இருபது வயதுப் பையன்களில் எத்தனை பேருக்கு ஹாஸ்லிங்டன் என்ற ஊரின் பெயர் தெரிந்திருக்கும்? தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் வாங்கும் ஒவ்வொரு காசோலையிலும் அந்த ஊர் ஒப்பந்தத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது.